பிலடெல்பியா: இசைத்தட்டில் மீண்ட நினைவு

நியூ ஜேர்சியில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு ரொறன்ரோவிலிருந்து போகும் எம்மவர்கள், ஒரு நாளைப் பிலடெல்பியாவுக்கு ஒதுக்குவதுண்டு. வெடிப்பு விழுந்த சுதந்திர மணியைப் பார்ப்பார்கள். அதன் அருகே நின்று படம் எடுப்பார்கள். பின்னேரத்துக்குள் திரும்பிவிடுவார்கள். முதல் இரண்டு தடவையும் நாங்களும் அப்படித்தான் திரும்பினோம். மூன்றாவது தடவை அந்த நகரத்தின் பாட்டுக்காரர்களைத் தேடிப் போனோம். அந்தப் பயணத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

எங்களுக்கு ஜாஸ் இசை பழக்கமானது சங்கீத சபைகளில் அல்ல. வந்த புதிதில் இரவு வேலை செய்த உணவகச் சமையலறைகளில், பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே ஒரு வானொலி இருக்கும். நடுச்சாமம் கடந்தபின் அதில் ஜாஸ்தான் வரும். பெயர் தெரியாது, பாஷையும் தெரியாது. ஆனால் ஒரு மெட்டை எடுத்து, அதை விட்டு வெகுதூரம் போய், அலைந்து திரிந்து, மீண்டும் அதே இடத்துக்கு வந்து சேரும் வித்தை எங்களுக்குப் புதிதல்ல. கோயில் வீதியில் விடியவிடிய நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது எப்படிப் புதிதாகும்? கிற்றாரும் ஓர்கனும் மேளமும் மட்டும் சேர்ந்து வாசிக்கும் மூவர் குழுக்கள் எங்களை முதலில் பிடித்தன. அப்படி வாசித்தவர்களில் எத்தனையோ பேர் பிலடெல்பியாக்காரர் என்பது பின்னாளில்தான் தெரிய வந்தது.

ஒகஸ்ற் மாதத்துக் கடைசி வாரம், பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு காரில் புறப்பட்டோம். பவலோ எல்லையைக் கடந்து பென்சில்வேனியா மலைகளூடாக இறங்கினால், சாப்பாட்டுக்கு நிற்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு பகல் பயணம். குடியுரிமைப் பத்திரம் கையில் வரும்வரை அந்த எல்லை எங்களுக்குப் பூட்டிய கதவு. இன்றும் கடவுச்சீட்டை நீட்டும்போது எங்களில் மூத்தவர்களின் கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது.

நகர மண்டபத்தின் உச்சியில் வில்லியம் பென்னின் சிலை நிற்கிறது. அதன் அடியிலிருந்து தெற்கே புரோட் வீதி வழியாக நடக்கத் தொடங்கினோம். நடைபாதையில் இந்த நகரத்து இசைக்கலைஞர்களின் பெயர் பொறித்த வெண்கலத் தகடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஜோன் கோல்ற்றேன், டிசி கிலெஸ்பி என்று வாசித்துக்கொண்டே போகலாம். பெயரை மிதித்துவிடாமல் எங்கள் சின்னவர்கள் பாய்ந்து பாய்ந்து நடந்தார்கள்.

பதினைந்து, இருபது நிமிட நடையில் கிளெவ் கிளப் வருகிறது. இதன் கதையை எம்மவர்கள் அறிய வேண்டும். வெள்ளையரின் இசைக்கலைஞர் சங்கத்தில் கறுப்பினத்தவருக்கு இடமில்லாதிருந்த காலத்தில், 1935இல் அவர்கள் தமக்கென 274ஆம் இலக்கச் சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். கோல்ற்றேனும் கிலெஸ்பியும் அதில் அங்கத்தவர்கள். 1966இல் அந்தச் சங்கத்தின் ஒன்றுகூடல் மன்றமாக கிளெவ் கிளப் தொடங்கியது. பின்னர் இரண்டு சங்கங்களையும் ஒன்றாக்கச் சொன்னபோது, தமது சங்கம் கரைந்துபோகும் என்று அவர்கள் மறுத்தார்கள். 1971இல் சங்கம் கலைக்கப்பட்டது. மன்றம் மட்டும் தப்பியது. 1995இல் இன்றைய கட்டடத்துக்கு வந்து, பிள்ளைகளுக்கு ஜாஸ் கற்பிக்கும் இடமாயிற்று. சங்கம் போனபின்பும் வகுப்பறை நிற்கிறது.

இனி ஓர்கனுக்கு வருவோம். நாங்கள் சொல்வது ஹமண்ட் ஓர்கன். தேவாலயங்களில் காணும் குழாய் ஓர்கனை வாங்க வசதியில்லாத சிறிய ஆலயங்களையும் மனதில் வைத்து, லோறன்ஸ் ஹமண்ட் என்பவர் 1930களின் நடுவில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பெட்டிக்குள்ளே 91 இரும்புச் சக்கரங்கள் மின்விசையில் சுழலும். அவை காந்தச் சுருள்களின் அருகே சுழலும்போது பிறக்கும் மின்னலைகளே ஒலியாக மாறுகின்றன. மேலே இரண்டு அடுக்கில் கட்டைகள், கீழே காலால் மிதிக்க 25 மிதிகட்டைகள். பி-3 என்ற பெயர்பெற்ற வகையின் எடை ஏறத்தாழ 400 இறாத்தல். அதை மாடிப்படியில் ஏற்றி இறக்கிய கதை ஒவ்வொரு ஓர்கன் கலைஞரிடமும் இருக்கும்.

ஆலயத்துக்கென்று வந்த வாத்தியம் மதுச்சாலைக்குப் போனதற்கும் காரணம் உண்டு. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளில் இருந்தவை சின்னஞ்சிறு மதுச்சாலைகள். ஐந்தாறு கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுக்க முதலாளியால் முடியாது. ஓர்கன்காரரோ வலது கையால் பாட்டையும், இடது கையாலும் காலாலும் அடித்தள ஸ்வரத்தையும் தாமே பார்த்துக்கொள்வார். கூட ஒரு கிற்றாரும் மேளமும் இருந்தால் கச்சேரி நிறைந்துவிடும். அதிலே வாசித்தவர்களும் கேட்டவர்களும் ஞாயிறு காலையில் தேவாலயத்தில் அதே ஒலியைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

இந்த வாத்தியத்தை ஜாஸ் உலகில் நிலைநாட்டியவர் ஜிம்மி சிமித். அவர் பிறந்த நொறிஸ்ரவுண், பிலடெல்பியாவிலிருந்து ஸ்கூல்கில் ஆற்றோரமாக முக்கால் மணிநேர ரெயில் பயணத் தூரத்தில் இருக்கிறது. பியானோ வாசித்துக்கொண்டிருந்த அவர், ஒரு ஹமண்டை வாங்கிக் களஞ்சிய அறை ஒன்றில் வைத்துத் தனியே சாதகம் செய்தார். 1956இல் வந்த அவருடைய முதல் இசைத்தட்டு பலரைத் திகைக்க வைத்தது. அதில் கிற்றார் வாசித்த தோர்னல் சுவார்ட்ஸும் பிலடெல்பியாக்காரரே. அவரைத் தொடர்ந்து சேர்லி ஸ்கொற், ட்ரூடி பிற்ஸ் என்ற இரண்டு பெண்கள் இதே நகரத்திலிருந்து வந்து ஓர்கனில் பெயர் எடுத்தார்கள். சிமித் 2005இல் அரிசோனாவில் காலமானார். சேர்லி 2002இலும் ட்ரூடி 2010இலும் மறைந்தார்கள்.

கிளெவ் கிளப்பிலிருந்து பிற்ஸ்வாட்டர் வீதி வழியே கிழக்கே நடந்தால், 9ஆம் வீதியில் இத்தாலியர் சந்தை தொடங்குகிறது. மரக்கறியும் மீனும் வெளியே பரப்பி வைத்து, விலை கேட்டுப் பேரம் பேசும் சத்தம் எங்களை ஒரு கணம் திருநெல்வேலிச் சந்தைக்கே கொண்டுபோய்விட்டது. அதையும் தாண்டி 7ஆம் வீதிக்கு வந்தால் ஒரு சுவரில் கிற்றாருடன் ஒரு மனிதரின் ஓவியம் இருக்கிறது. அவர் எடி லாங். இத்தாலியிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை. ஜாஸ் கிற்றாரின் தந்தை என்று சொல்லப்படுபவர். 1933இல் தொண்டையில் செய்த ஒரு சத்திரசிகிச்சையை அடுத்து, 30 வயதிலேயே இறந்துபோனார்.

அந்த எடி லாங்கிடம் சிறிது காலம் கிற்றார் பழகிய ஒருவர், பின்னர் தன் மகனுக்கு அந்த ஆசையை ஊட்டினார். அந்த மகன்தான் பற் மார்ரினோ. எங்கள் பயணம் அவருக்காகத்தான்.

1944 ஒகஸ்ற் 25இல் தெற்குப் பிலடெல்பியாவில் பிறந்த பற், பதினைந்து பதினாறு வயதிலேயே வீட்டை விட்டுத் தொழிலுக்குப் போய்விட்டார். ஓர்கன்காரர்கள் அவரைத் தேடி அழைத்தார்கள். 1967இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டில் ஓர்கன் வாசித்தவர் ட்ரூடி பிற்ஸ். அவருடைய விரல்களின் வேகத்தைக் கேட்டவர்கள் மூச்சுவிட மறந்தார்கள்.

ஆனால் அவருடைய மூளையில் பிறவியிலேயே இரத்தக்குழாய்கள் சிக்குண்டிருந்தன. வலிப்பு வந்தது. பல ஆண்டுகள் அது மனநோய் என்றே கணிக்கப்பட்டது. கடைசியில் 1980இல் அவசர சத்திரசிகிச்சை நடந்தது. உயிர் தப்பியது. கண் விழித்தபோது பெற்றோரை அவருக்குத் தெரியவில்லை. தன் பெயர் தெரியவில்லை. தான் ஒரு கிற்றார் கலைஞன் என்பதும் தெரியவில்லை.

பெற்றோர் அவரைத் தெற்குப் பிலடெல்பியா வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். தகப்பனார் மகனுடைய பழைய இசைத்தட்டுகளை எடுத்துத் திரும்பத் திரும்பப் போட்டார். கட்டிலில் படுத்திருந்த மகனுக்கு அந்தச் சத்தம் சுவரூடாகவும் தரையூடாகவும் வந்தது. அது தனக்கு அப்போது ஆறுதலாக இருக்கவில்லை என்றே பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். தான் யாராக இருக்க வேண்டுமோ அதை அது நினைவூட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் அந்த மனிதன் யார் என்றே அவருக்குத் தெரியாது.

பிறகு ஒருநாள் கிற்றாரை எடுத்தார். விரல்களுக்குள் ஏதோ மிச்சம் இருந்தது. தன்னுடைய இசைத்தட்டுகளையே ஆசானாக வைத்து, அந்நியர் ஒருவரிடம் பாடம் கேட்பதுபோல, தன்னிடமே கற்றார். ஏழு ஆண்டுகள் ஆயின. 1987இல் நியூயோர்க் மேடை ஒன்றில் வாசித்ததை இசைத்தட்டாக வெளியிட்டு, அதற்கு 'திரும்பி வருதல்' என்ற பொருளில் பெயர் வைத்தார்.

அடுத்த தலைமுறையில் ஜோய் டிபிரான்செஸ்கோ வந்தார். 1971இல் பிலடெல்பியாவை அடுத்த ஸ்பிரிங்பீல்டில் பிறந்தவர். தகப்பனும் ஓர்கன் கலைஞர். நாலு வயதில் கட்டைகளைத் தொட்ட பிள்ளை, பதினேழு வயதில் மைல்ஸ் டேவிசுடன் ஊர் ஊராகப் போனது. மேடைகளில் மின்கருவிகள் நிறைந்து, ஹமண்ட் பழைய தளபாடமாகிவிட்ட நாட்களில் அதற்கு மீண்டும் மதிப்புத் தேடிக் கொடுத்தவர் ஜோய்தான். தன் குருவாகக் கருதிய ஜிம்மி சிமித்துடன் சேர்ந்தும் இசைத்தட்டு வெளியிட்டார். அவரும் பற் மார்ரினோவும் பில்லி ஹார்ற்றின் மேளத்துடன் வாசித்து 2001இல் வெளிவந்த இசைத்தட்டை எங்கள் வீடுகளில் தேய்ந்துபோகும் அளவுக்குக் கேட்டிருக்கிறோம்.

2018க்குப் பிறகு மூச்சு நோயால் பற் வாசிக்க முடியாமல் போனார். ரசிகர்கள் நிதி திரட்டி உதவினார்கள். 2021 நவம்பர் 1ஆம் திகதி அவர் காலமானார். பத்து மாதம் கழித்து, 2022 ஒகஸ்ற் 25ஆம் திகதி ஜோய் இறந்தார். வயது 51. அது பற் மார்ரினோவின் பிறந்த நாள். அதனால்தான் ஒகஸ்ற் கடைசி வாரத்தில் போனோம்.

அன்றிரவு சான்சம் வீதியில், பற் பலமுறை வாசித்த கிறிஸ் ஜாஸ் கஃபேக்குள் போனோம். பக்கத்து மேசையில் இருந்த வயோதிபர் ஒருவர் எங்களை எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். சொன்னோம். இலங்கை எங்கே என்று அவர் கேட்கவில்லை. எந்த இசைத்தட்டைப் பிடிக்கும் என்றுதான் கேட்டார். பிறகு அவர் தான் கேட்ட இரவுகளைச் சொல்லத் தொடங்கினார். யார் மேளம், யார் ஓர்கன், எந்தப் பாட்டில் சபை எழுந்து நின்றது என்று ஒவ்வொன்றாக வந்தது. அவருடைய சிநேகிதர்கள் இருவர் வந்து திருத்தம் சொன்னார்கள். இறந்தவர்களை அவர்கள் அழுது நினைவுகூரவில்லை. சரியாக நினைவுகூர வேண்டும் என்பதற்காகச் சண்டை பிடித்தார்கள்.

திரும்பும் வழியில் எங்கள் மகன் ஒரு கேள்வி கேட்டான். "அவருக்கு எல்லாம் மறந்துபோச்சு எண்டால், தகப்பன் ஏன் அந்தத் தட்டுகளை வைச்சிருந்தவர்?" மறப்பார் என்று தெரிந்து யாரும் வைத்திருப்பதில்லை. பிள்ளையின் பெருமை என்று வைத்திருந்தார். அது பிள்ளைக்கே மருந்தாயிற்று.

எம்மவர் வீடுகளில் நிலக்கீழ் அறைகளில் பெட்டி பெட்டியாகக் கசெற்றுகள் கிடக்கின்றன. அம்மம்மா பாடிய தாலாட்டு, ஊர்க் கோயில் திருவிழா நாதஸ்வரம், கடிதத்துக்குப் பதிலாக அப்பா பேசி அனுப்பிய குரல். போட்டுக் கேட்கக் கருவி இல்லை என்று அவற்றைக் குப்பையில் போடுபவர்களையும் கண்டிருக்கிறோம். பிள்ளைகள் இப்போது கேட்கமாட்டார்கள், உண்மைதான். கேட்டாலும் அது அவர்களுக்கு ஆறுதலாக இராது. யாரோ அந்நியருடைய குரலாக இருக்கும். மார்ரினோவுக்கும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. அவற்றைக் கணினிக்கு மாற்றிக்கொள்ள இன்று வழி இருக்கிறது. நாடா உதிர்வதற்கு முன் செய்துவிடுங்கள்.

பிலடெல்பியா போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுதந்திர மணியை விடியப் பார்த்துவிடுங்கள். பிறகு புரோட் வீதி, கிளெவ் கிளப், இத்தாலியர் சந்தை, எடி லாங் சுவர் என்று நாங்கள் நடந்த வழி ஒரு பகலுக்குப் போதும். பிள்ளைகளுக்குக் கால் நொந்தால் சந்தையில் நல்ல பாண் வாங்கலாம். காரில் போகும்போது அந்த 2001ஆம் ஆண்டு இசைத்தட்டையும் கொண்டுபோங்கள். பென்சில்வேனியா மலைகளுக்கு அது பொருத்தம்.