வந்தவர் கட்டிய வீடுகள்

டில்லியின் சாணக்யபுரியில் சாந்தி பாதை வழியே செல்வோர், இருமருங்கிலும் பல நாட்டுக் கொடிகள் பறப்பதைக் காணலாம். நாடு விடுதலை பெற்றபின், 1950களில், அயல்நாட்டுத் தூதரகங்களுக்கென வகுக்கப்பட்ட பகுதி இது. தமிழ்நாடு அரசின் வைகை, பொதிகை இல்லங்களும் இப்பகுதியில்தான் அமைந்தன. இங்கு மனை பெற்றவர் யாவரும் ஊருக்குப் புதியவர். குளிர்நாட்டில் கட்டிப் பழகியவர்கள், மே மாதத்தில் வெப்பம் 45 பாகையைத் தொடும் நகரில் எவ்வாறு கட்டுவது என்று எண்ண வேண்டியிருந்தது. பிழைப்பு நாடித் தமிழ்நாட்டிலிருந்து வந்து, பல்லாண்டுகள் வாடகை வீட்டில் வாழ்ந்து, பின்னர்ச் சிறு மனை ஒன்று வாங்கும் குடும்பத்தின் முன்னும் அதே கேள்விதான் நிற்கிறது.

அமெரிக்கத் தூதரகம் 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த எட்வர்ட் டியூரெல் ஸ்டோன், கட்டடத்தைச் சுற்றித் துளைகள் நிறைந்த திரைச்சுவரை எழுப்பினார். முகலாயர் கட்டடங்களில் ‘ஜாலி’ எனப்படுவது அதுவே. வெயில் நேராகக் கண்ணாடியில் விழாமல் அத்திரை தடுக்கும். நடுவில் நீர்த்தோட்டத்துடன் ஒரு முற்றத்தையும் அமைத்தார். செட்டிநாட்டு வீடுகளைக் கண்டவர்க்கு முற்றம் வியப்பன்று. ஆயினும் அயலார் ஒருவர் தம் ஊர் வழக்கத்தை அப்படியே சுமந்து வராமல், இவ்வூர் வெயிலுக்கு இவ்வூரிலேயே விடை தேடினார் என்பது பாராட்டத்தக்கது. ஆனால், ஜாலி காற்றை விடுவதுபோலவே ஒலியையும் புழுதியையும் உள்ளே விடும். அலுவலகத்தில் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் படிக்கும் அறைக்கு அது பொருந்தாது.

பெல்ஜியத் தூதரகம் வேறு வகை. ஓவியரான சதீஷ் குஜ்ரால் வடிவமைத்து 1983இல் முடிந்த அக்கட்டடம், பூசப்படாத செங்கல்லால் ஆனது. தடித்த செங்கற்சுவர் பகல் வெப்பத்தை மெல்லவே உள்ளே கடத்தும்.

இனிக் காற்று. தமிழில் தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. திசைக்கொரு பெயர் வைத்தவர்கள், வீட்டின் சாளரத்தையும் திசையறிந்தே வைத்தனர். டில்லிக்குத் தென்றல் வருவதில்லை. இங்கு மே, ஜூன் மாதங்களில் ‘லூ’ என அஞ்சப்படும் அனற்காற்று, தார்ப் பாலைவனம் கடந்து மேற்கிலிருந்து வீசுகிறது. அதுவே நம் கோடை. மழைக்காலத்தில் ‘புர்வாயி’ என்று இங்குள்ளோர் வரவேற்கும் ஈரக்காற்று நம் கொண்டலே. ஆகவே, மேற்குச் சுவரில் பெரிய சாளரம் வைப்பது அனலை விருந்துக்கு அழைப்பதாகும். மாடிப்படி, குளியலறை, பொருள்வைப்பறை ஆகியவற்றை அப்பக்கம் தள்ளிவிட்டால், மாலை வெயிலை அவை தாங்கிக்கொள்ளும்.

தெற்கு வாசலோ தெற்கு அறையோ வேண்டாம் எனத் தயங்குவோர் தமிழரிடையே உண்டு. டில்லிக் குளிரில் ஒரு தை மாதம் வாழ்ந்தவர் அத்தயக்கத்தை விட்டுவிடுவர். இங்குக் குளிர்கால நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து, 38 பாகை உயரத்திலேயே நிற்கும். ஜூன் நண்பகலில் ஏறக்குறைய உச்சியில், 85 பாகையில் நிற்கும். நான்கடி உயரமுள்ள தெற்குச் சாளரத்தின் தலையில் இரண்டடி நீளச் சன்ஷேட் ஒன்று இருந்தால், ஜூன் நண்பகலில் சாளரம் முழுவதும் நிழலில் இருக்கும். டிசம்பரிலோ மேல் ஒன்றரை அடியில் மட்டுமே நிழல் விழ, எஞ்சிய பகுதி வழியே வெயில் தரைவரை வந்து அறையைச் சூடேற்றும். தமிழ்நாட்டில் தெற்குச் சாளரம் தென்றலுக்கு. டில்லியில் அது வெயிலுக்கு.

மண்ணையும் மறத்தலாகாது. சாணக்யபுரியை ஒட்டி ஆரவல்லிக் குன்றின் பாறைமேடு செல்கிறது. யமுனைக் கரையிலோ வண்டல் மண். ஒரே நகரில் இருவேறு அடித்தளம். டில்லி நிலநடுக்க வாய்ப்பு மிகுந்த 4ஆம் மண்டலத்தில் இருப்பதால், மண் பரிசோதனைக்கும் தூண், உத்தரம் இணைப்பில் வைக்கும் கம்பிக்கும் ஆகும் செலவைக் குறைத்து, அந்தப் பணத்தில் தரைக்குப் பளிங்கு வாங்குவது அறிவீனம்.

பகுதிக்குப் பெயர் தந்த சாணக்கியரின் நூலாகக் கருதப்படும் அர்த்தசாத்திரமும் வீடு கட்டுவோர்க்கு விதிகள் கூறுகிறது. அண்டை வீட்டிலிருந்து இடைவெளி விடுதல், கழிவுநீர் செல்லும் வழி, சாளரத்தின் உயரம் எனச் சிறு செய்திகளையும் அந்நூல் விடவில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய இன்றைய டில்லித் தெருக்களில் பெரும்பாலான சண்டைகள் இம்மூன்றைப் பற்றியவையே!

மனை வாங்கிய குடும்பம் செலவின்றிச் செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. ஒரு மீட்டர்க் கோலை மனையின் நடுவே நேராக நட்டு, சூரியன் உச்சிக்கு வரும் வேளையில், அதாவது டில்லியில் ஏறக்குறைய 12.20 மணிக்கு, நிழலை அளக்க வேண்டும். ஜூன் 21இல் அது 9 செ.மீ. இருக்கும், டிசம்பர் 22இல் 128 செ.மீ. வரை நீளும். இரண்டும் வடக்கு நோக்கியே விழும். சென்னையில் இருக்கும் தாத்தா அதே ஜூன் நாளில் கோல் நட்டால், நிழல் 18 செ.மீ. நீண்டு தெற்கு நோக்கி விழும். ஆறு மாதம் காத்திருப்பதா எனத் தயங்க வேண்டியதில்லை. கடன் கிடைக்கவும் வரைபடத்துக்கு ஒப்புதல் பெறவும் எப்படியும் அத்தனை நாள் ஆகும். அதற்குள் இரு நிழல்களின் நுனியிலும் ஒரு செங்கல்லைப் பதித்து வைத்தால், சன்ஷேட்டை எத்தனை அடி நீட்டுவது என்று மேஸ்திரி கேட்கும்போது அதைக் காட்டிப் பேசலாம்.