டீக்கடையிலிருந்து மாஸ்கோவுக்கு

கேரளத்தில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் அதற்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான். கணவன் வளைகுடாவுக்குப் புறப்படுகிறான்; மனைவி ஊரில் இருக்கிறாள். எப்போதோ ஒரு விடுமுறை, பெட்டி நிறையச் சாமான்கள், மறுபடியும் நெடும்பாசேரி விமான நிலைய வாசலில் கண்ணீர். 1999இல் திறக்கப்பட்ட அந்த விமான நிலையமே வெளிநாட்டில் உழைத்த மலையாளிகளின் பணமும் சேர்ந்து எழுந்ததுதான். அப்படிப்பட்ட ஊரிலிருந்து, சம்பாதிக்க அல்ல, செலவழிக்க, அதுவும் ஜோடியாக ஒரு டீக்கடைக்காரரும் அவர் மனைவியும் கிளம்பினால் ஊர் பேசாமல் இருக்குமா?

கொச்சி கடவந்திராவை ஒட்டிய காந்தி நகரில் 1994இல் விஜயனும் மோகனாவும் தொடங்கிய கடையின் பெயர் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ். பெயரில் இருக்கும் பெருமை இடத்தில் இல்லை, சின்னஞ்சிறு கடை. வேலைக்கு ஆள் வைத்தால் சம்பளம் தர வேண்டும் என்பதால் டீ ஆற்றுவது, பலகாரம் போடுவது, கிளாஸ் கழுவுவது எல்லாம் அவர்களே. நாள்தோறும் வரும்படியில் 300 ரூபாய் தனியே போய்விடும். பயணத்துக்கு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு நாள்கூட விடுபடாமல் சேர்த்தாலும் வருடத்துக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம்கூடத் தேறாது. இரண்டு பேர் ஐரோப்பா போய்வர இது போதாது. முழுப் பணமும் சேரட்டும் என்று காத்திருந்தால் முட்டிவலி முந்திக்கொள்ளும். அதனால் அவர்கள் கண்ட வழி எளியது: மீதிக்குக் கடன் வாங்கு, போய் வா, இரண்டு மூன்று வருடம் டீ விற்று அடை, மறுபடி வாங்கு. மகளின் கல்யாணத்துக்குக் கடன்பட்டவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. சுவிட்சர்லாந்தின் பனியைப் பார்க்கக் கடன்பட்டவருக்குத்தான் கிறுக்குப் பட்டம்.

பணம் ஒரு பாதி என்றால் காகிதம் மறு பாதி. ஐரோப்பாவின் ஷெங்கன் விசா கேட்பவர் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். வங்கிக் கணக்கைக் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊருக்குத் திரும்பி வருவோம் என்று தூதரகத்தை நம்பவைக்க வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாத, கல்லாப்பெட்டிச் சில்லறையில் வாழ்கிற மனிதருக்கு இது லேசான காரியமல்ல. காலையில் அடுப்பு மூட்டக் காத்திருக்கும் கடையைவிட நல்ல சாட்சி எது என்று விசா அதிகாரியிடம் யார் சொல்வது?

2007இல் முதல் பயணம்: இஸ்ரேல். பிறகு எகிப்து, பிரிட்டன், பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, சிங்கப்பூர், அமெரிக்கா, பிரேசில், பெரு, அர்ஜென்டினா என்று பட்டியல் நீண்டது. சுற்றுலா நிறுவனங்களின் குழுக்களோடுதான் போனார்கள். கடையில் டீ குடிக்க வந்தவர்கள் உலகக் கதை கேட்டுப் போனார்கள். அவர்களைப் பற்றி 'இன்விசிபிள் விங்ஸ்' என்ற ஆவணப்படமும் வந்தது. 2019இல் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா செலவை ஏற்க, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பார்த்தார்கள். கடனில்லாமல் ஒரு பயணம்! ஆனால் அதற்கு முந்தையவற்றில் பெரும்பாலானவை யார் தயவும் இல்லாமல் போனவை. புகழ் வந்த பிறகு இதை மறந்துவிடுவது சுலபம்.

2020இல் கொரோனா வந்து எல்லா விமானங்களையும் தரையில் இறக்கியது. இளைஞருக்கு அது இரண்டு வருடத் தாமதம். எழுபதைத் தொட்டுவிட்ட தம்பதிக்கு இரண்டு வருடம் என்பது வேறு அளவு. வானம் மெல்லத் திறந்ததும் ரஷ்யாவுக்குப் பதிவு செய்தார்கள். மாநிலச் சுற்றுலா அமைச்சர் முகமது ரியாஸே கடைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். 2021 அக்டோபரில் இருவரும் கிளம்பினார்கள். அவர்கள் கால் பதித்த 26ஆவது நாடு அது.

மாத இறுதிக்குள் ஊர் திரும்பிக் கடையைத் திறந்தாயிற்று. அடுத்து எங்கே என்ற பேச்சும் தொடங்கியிருந்தது. நவம்பர் 19 அன்று மாரடைப்பு விஜயனைக் கொண்டுபோனது. ரஷ்யாவிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.