சடுகுடுவும் நகைக்கடனும்

சடுகுடுவுக்கு உடம்பைத் தவிர வேறு சாமான் வேண்டாம், அதனால் அது ஏழைகளின் ஆட்டம் என்று சொல்லிவருகிறோம். சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த உடம்பைக் கொண்டு கூலிக்குப் போகாதவர்கள். கரிக்கலாம்பாக்கத்தில், அறுவடை முடிந்த கழனியில் கோடு கிழித்து ஆடும் பையன்களைப் பார்க்கையில் எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. பாடிப்போகிறவனின் முட்டி, மறுநாள் கரும்பு வெட்டப் போகவேண்டிய முட்டி. வீட்டின் ஒரே முதலைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பணயம் வைக்கிறான்.

என் மகன் சனி, ஞாயிறுகளில் கிரிக்கெட் பயிற்சிக்குப் போகிறான். மட்டை, கையுறை, தலைக்கவசம் என்று என் சம்பளத்தில் கணிசமாகப் போகிறது. ஆனால் வாஸ்தவத்தில் பணயம் எதுவும் இல்லை. கை முறிந்தால் காப்பீடு. ஆட்டம் வராவிட்டால் படிப்பு. என் மனைவி இதற்கு 'பர்சனாலிட்டி டெவலப்மெண்ட்' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

சடுகுடு 1990இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் இடம்பெற்றது. 2014இல் புரோ கபடி லீக்காகத் தொலைக்காட்சிக்கு வந்தது. இதற்கிடையில் மண் போய்ச் செயற்கை விரிப்பு வந்தது, வெறுங்காலுக்கு ஷூ வந்தது. சாமான் வேண்டாத ஆட்டம் என்ற பேச்சு மட்டும் மாறவில்லை.

2025 அக்டோபரில், பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் பெண்கள் கபடியில் இந்தியா தங்கம் வென்றது. அணியில் சென்னைக் கண்ணகி நகரின் கார்த்திகா இருந்தார். தமிழக அரசு 25 லட்சம் கொடுத்தது. சந்தோஷம்தான். ஆனால் பத்திரிகைகள் வறுமையை ஏதோ பயிற்சியாளர் மாதிரி எழுதின. அதே பயிற்சியாளரிடம் பயின்று முட்டி போனவர்களைப் பற்றி எழுத நம் உரைநடைக்கு இன்னும் வாக்கியம் அமையவில்லை.

சென்ற தை மாதம் ஓர் அம்மாள் கம்மலை அடகு வைக்க எங்கள் கிளைக்கு வந்தார். டோர்னமெண்டில் பையனுக்கு முட்டி ஜவ்வு கிழிந்துவிட்டதாம். விண்ணப்பத்தில் கடனின் நோக்கத்தை எழுதவேண்டும். விவசாயம், கல்வி, மருத்துவம் உண்டு, விளையாட்டு இல்லை.

"ஆடாதேன்னு சொல்லியிருக்கலாமே அம்மா?" என்றேன்.

"எப்பிடி சார் சொல்றது? மைக்குல அவன் பேரச் சொல்லிக் கூப்புடுறாங்க. மத்த எடத்துல எல்லாம் டேய்தான்."

வீட்டுக்காரருக்குத் தெரியவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

மருத்துவம் என்று எழுதினேன். கம்மல் மூன்றரை கிராம் இருந்தது.