கோடு வகுத்த உணவு

சமன்பாடு என்பது துலாக்கோலின் நடுமுள் போன்றது. இரு தட்டுகளும் ஒத்து நின்றாலன்றி அது நிறைவுறாது. ஆயின் உலக வழக்கில் எழும் வினாக்களுட் பெரும்பாலன ‘சரியாக இவ்வளவு’ என்று கேட்பன அல்ல. ‘இதற்குக் குறையாமல்’ என்றோ, ‘இதற்கு மேற்படாமல்’ என்றோ கேட்பனவே. பாலத்தின்மேற் செல்லும் வண்டியின் பாரம் ஓர் அளவுக்கு மிகலாகாது. நோயாளி உட்கொள்ளும் மருந்தும் அத்தகையதே. இவ்வாறு எல்லை மட்டும் கூறி நிற்கும் கூற்றினைக் கணித நூலார் அசமன்பாடு என்பர். பெரிது, சிறிது என்பவற்றைக் காட்டும் கூர்முனைக் குறிகள் இரண்டும் தாமஸ் ஹாரியட் என்னும் ஆங்கிலேயரின் நூலில், அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து, 1631 ஆம் ஆண்டில் அச்சேறின. குறி சிறிது, அதன் பயனோ பெரிது.

அப்பயனை ஓர் உணவுக் கணக்கால் உணரலாம். அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் என்பார் 1945 ஆம் ஆண்டில் ஒரு வினாவை வெளியிட்டார். 154 பவுண்டு எடையுள்ள, மிதமாக உழைக்கும் ஒருவன் உடல் நலத்தோடு வாழ, ஓராண்டு உணவுக்கு மிகக் குறைந்த செலவு யாது என்பதே அது. நாள்தோறும் அவனுக்கு 3000 கலோரிக்குக் குறையாத ஆற்றலும், 70 கிராமுக்குக் குறையாத புரதமும், சுண்ணாம்பு, இரும்பு, உயிர்ச்சத்துகள் முதலியனவும் வேண்டும். சத்துகள் 9, கடையில் விலைக்குக் கிடைக்கும் உணவுகளில் அவர் எடுத்துக்கொண்டவை 77. வறியோர் உண்ணும் உணவைப் பற்றிய வினா ஆதலின், இது வெறும் ஏட்டுக் கணக்கன்று.

எழுபத்தேழை ஒருங்கே நோக்கினால் மனம் மலைக்கும். ஆதலின் இரண்டே உணவுகளை முதலில் எடுத்துக்கொள்க: ஒன்று கோதுமை மாவு, மற்றொன்று உலர்ந்த அவரை விதை. ஒரு பங்கு மாவு 2 அலகு ஆற்றலும் 1 அலகு புரதமும் தரும் என்றும், ஒரு பங்கு அவரை 1 அலகு ஆற்றலும் 3 அலகு புரதமும் தரும் என்றும் வைத்துக்கொள்க. ஆற்றல் 10 அலகுக்கும், புரதம் 15 அலகுக்கும் குறையலாகாது. மாவு பங்குக்கு 2 செண்டு. அவரை 3 செண்டு. இவை விளக்கத்தின் பொருட்டுக் கொண்ட எண்களே.

வரைபடத்தாளில் மாவின் அளவைக் கிடை அச்சிலும் அவரையின் அளவைக் குத்து அச்சிலும் குறிக்க. முதலில் ஆற்றலை நோக்குக. மாவை மட்டும் உண்பவன் 5 பங்கு உண்ண வேண்டும். அவரையை மட்டும் உண்பவன் 10 பங்கு உண்ண வேண்டும். கிடை அச்சில் ஐந்தையும் குத்து அச்சில் பத்தையும் இணைத்து ஒரு நேர்கோடு வரைக. அக்கோட்டின்மேல் உள்ள எப்புள்ளியை எடுப்பினும் ஆற்றல் சரியாக 10 அலகே ஆகும். அக்கோடு தாளை இரு பாகமாகப் பிளக்கின்றது. ஒன்று வேண்டிய பாகம், மற்றொன்று வேண்டாத பாகம். எது வேண்டியது என்று ஐயுறுவோன் அச்சுகள் கூடும் மூலப்புள்ளியைச் சோதித்து நோக்குவானாக. அங்கே மாவும் இல்லை, அவரையும் இல்லை. ஒன்றும் உண்ணாதவனுக்கு ஆற்றல் ஏது? ஆகவே மூலப்புள்ளி இருக்கும் பக்கம் தள்ளத்தக்கது, மறுபக்கமே கொள்ளத்தக்கது. ‘குறையலாகாது’ என்னும் கூற்றில் எல்லையும் அடங்குதலால் கோட்டை முழுக்கோடாக வரைதல் வேண்டும். ‘மிக்கிருத்தல் வேண்டும்’ என்றிருப்பின் எல்லை விலக்கப்படும். அப்போது புள்ளிக்கோடு வரைவர். மாணவர் பலர் இவ்வேறுபாட்டைச் சிறிதென்று எண்ணி மதிப்பெண் இழப்பர்.

புரதத்திற்கும் இவ்வாறே கிடை அச்சில் பதினைந்தையும் குத்து அச்சில் ஐந்தையும் இணைத்து வரைந்தால், அக்கோடும் மூலப்புள்ளியின் பக்கத்தைத் தள்ளிவிடும். உண்ணும் அளவு சுழிக்குக் கீழ்ப்படுதல் இயலாமையின், தாளின் முதற்கால்பகுதி ஒன்றே போதும். எல்லா விதிகளும் ஒருங்கே இசைவு தரும் இடம் எஞ்சி நிற்கும். அதனை ஏற்புடைய பகுதி என்பர். அப்பகுதியில் 5 பங்கு மாவும் 4 பங்கு அவரையும் உண்பவனும் உளன், இரண்டிலும் இருபது பங்கு உண்ணும் பெருந்தீனிக்காரனும் உளன். சமன்பாட்டுத் தொகுதி பெரும்பாலும் ஒரே விடையைத் தந்து அமையும். அசமன்பாட்டுத் தொகுதியோ ஒரு நிலப்பரப்பையே விடையாகத் தருகின்றது. அந்நிலத்துள் எங்கு நிற்பது என்பதை வேறொரு நோக்கம்தான் முடிவு செய்தல் வேண்டும்.

இங்கு நோக்கம் சிக்கனம். 12 செண்டுக்கு மாவு மட்டும் வாங்கினால் 6 பங்கு, அவரை மட்டும் வாங்கினால் 4 பங்கு. இவ்விரு புள்ளிகளையும் இணைக்கும் செலவுக்கோடு ஏற்புடைய பகுதியைத் தீண்டவே இல்லை. 12 செண்டில் அவன் வாழ இயலாது என்பது பொருள். அளவுகோலை அக்கோட்டின்மேல் வைத்து, சாய்வு மாறாமல் மெல்ல மேலே நகர்த்துக. அஃது அப்பகுதியை முதன்முதல் தீண்டும் இடம் எது? இரு எல்லைக்கோடுகளும் வெட்டும் மூலை! 3 பங்கு மாவு, 4 பங்கு அவரை. செலவு 18 செண்டு. மற்ற இரு மூலைகளிலும் செலவு 30 செண்டு ஆகும். பகுதியின் எல்லைகள் நேர்கோடுகளாய், அதன் வடிவம் குழிவின்றி இருத்தலால், மிகக் குறைந்த செலவு உண்டெனில் அது மூலையொன்றில் வாய்த்தே தீரும். நடுவிடம் எல்லாம் தேடி அலைய வேண்டுவதில்லை.

ஸ்டிக்ளருக்கோ தாள் உதவவில்லை. இரு உணவுக்கு இரு திசை எனின், 77 உணவுகளுக்கு 77 திசைகள் வேண்டும். அத்தகைய தாள் எங்குளது? மூலைகளும் எண்ணில் அடங்கா. அவர் பயன் குறைந்த உணவுகளைக் கழித்துப் பதினைந்தாகச் சுருக்கி, பலகாலும் மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு விடை கண்டார். கோதுமை மாவு, சுண்டக் காய்ச்சி டப்பியில் அடைத்த பால், முட்டைக்கோசு, பசலைக்கீரை, உலர்ந்த வெள்ளை அவரை ஆகிய ஐந்தே உணவுகள். 1939 ஆம் ஆண்டு விலைப்படி ஆண்டுக்கு 39 டாலர் 93 செண்டு. இதுவே மிகக் குறைந்தது என்று உறுதி கூறும் நேர்வழி தம்மிடம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. அறிஞர்க்கு அழகு அதுவே.

அந்நேர்வழியை 1947 ஆம் ஆண்டில் ஜார்ஜ் டான்ட்சிக் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் கண்டார். வழி எளிது: ஒரு மூலையில் நின்று, விளிம்பால் இணைந்த அயல்மூலைகளை நோக்குக, செலவு குறையும் மூலைக்கு நகர்க, அத்தகைய அயல்மூலை இல்லையெனில் நின்றுவிடுக. இதனைச் சோதிக்க அவ்வாண்டே ஸ்டிக்ளரின் உணவுக் கணக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒன்பது எழுத்தர்கள் மேசைக் கணக்குப்பொறிகளைக் கையால் இயக்கி உழைத்தனர். ஒருவனே செய்திருப்பின் 120 நாள் ஆகியிருக்கும் உழைப்பு அது. கிடைத்த விடை 39 டாலர் 69 செண்டு. ஸ்டிக்ளர் கூர்மதியால் உய்த்துணர்ந்தது 24 செண்டே மிகுதி! அவ்வெழுத்தர்களின் உழைப்பைக் காட்டிலும் அம்மதியே வியக்கத்தக்கது என்பாரும் உளர். சோவியத் நாட்டு லியோனித் கன்டரோவிச் 1939 ஆம் ஆண்டிலேயே, ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைகளின் பொருட்டு இத்தகைய கணக்கை ஆராய்ந்திருந்தார்; எனினும் அது மேலை நாடுகளுக்கு நெடுநாள் எட்டவில்லை.

சில ஆண்டுகளுக்குப் பின் டான்ட்சிக்கின் உடல் பருத்தது. மருத்துவர் எடையைக் குறைக்கச் சொன்னார். தம் வழியையே தமக்குப் பயன்படுத்த எண்ணிய அவர், 500க்கு மேற்பட்ட உணவுகளின் விவரங்களைக் கணிப்பொறியில் இட்டார். கலோரி 1500க்கு மேற்படலாகாது. வேண்டிய சத்துகள் குறையலாகாது. வயிறு நிறைந்ததாகத் தோன்ற வேண்டும். நீர் நீக்கிய எடை மிகுமளவு வயிறு நிறையும் என்று அவர் நோக்கத்தை வகுத்தார். பொறி தந்த உணவில் 500 காலன் காடி இருந்தது! காடியில் நீரே இல்லை என்று பட்டியலில் பதிவாகியிருந்தமையே காரணம். காடியை நீக்கினார். அடுத்து வந்தது நாளொன்றுக்கு இருநூறு சூப்புக்கட்டிகள். இறைச்சிச்சாற்றை உப்போடு இறுக்கிச் செய்யும் அக்கட்டிகளில் மூன்றை வெந்நீரிற் கரைத்து அவர் வாயில் வைத்துப் பார்த்தார், உவர்ப்புத் தாங்கவில்லை. அறிவுடைய எவனும் இருநூறு கட்டி உண்ணான் என்பது பொறிக்குத் தெரியாது. வரையாத கோடு அதற்கு எல்லையாகாது. ஆகவே மூன்றுக்கு மேற்படலாகாது என்று மற்றுமொரு கோடு வரைந்தார். பொறி தவிட்டுக்குத் தாவியது. அதற்கும் எல்லை இட, கரும்புப்பாகுக்குத் தாவியது.

நாள்தோறும் இவ்விந்தையைக் கண்டிருந்த அவர் மனைவியார், பொறி கூறியவற்றுள்ளும் சில நல்ல குறிப்புகள் இருத்தலைக் கண்டு, உணவை இனித் தாமே வகுப்பதாகச் சொல்லிவிட்டார். டான்ட்சிக்கின் எடை 22 பவுண்டு குறைந்தது.