வளவு வேலியும் வன்தட்டும்: ஓர் அநுபவக் குறிப்பு

வேலி என்பது யாழ்ப்பாணத்து வளவுகளின் முகம். கதியால் நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்து அடைத்த வேலிக்கு இப்பால் உள்ளது நமது; அப்பால் உள்ளது அயலவரது. வேலி அடைக்கும் நாளில் ஒரு சாண் நிலத்துக்காகப் பேச்சு முறிந்த குடும்பங்களும் உள. எனினும் சிறிது சிந்திப்போமாயின், நிலத்தைப் பிரிப்பது வேலியன்று என்பது புலனாகும். வேலி உக்கி விழுந்தாலும் எல்லை எல்லையாகவே நிற்கும். அதனை நிறுத்தி வைப்பது, எங்கோ ஒரு பெட்டகத்தினுள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் உறுதிப் பத்திரமேயாம். இவ்வுண்மையை நான் உணர்ந்தது காணி வழக்கொன்றினாலன்று. எமது வீட்டுக் கணினியின் வன்தட்டினாலேயாகும்.

கலைப்பீட மாணவரொருவர் வன்தட்டைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் நமது கட்டுரைகளும், களஆய்வுக் குறிப்புகளும், குடும்பப் புகைப்படங்களும், முதியோரின் குரற்பதிவுகளும் இன்று குடியிருக்கும் இடம் அதுவே. தான் குடியிருக்கும் வீட்டின் கூரையைப் பற்றி ஒருவன் அறிந்துவைத்திருப்பது தச்சனாவதற்காக அன்று.

வன்தட்டு முதன்முதலில் வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது 1956 ஆம் ஆண்டிலாகும். ஐ.பி.எம். நிறுவனத்தின் 305 ராமாக் என்னும் கணினியில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன் மேலொன்றாகச் சுழன்றன. அவை அனைத்திலும் அடங்கியவை ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துக்களே. எமது வீட்டுக் கணினியில் இருந்த தட்டு உள்ளங்கையளவினது. அதன் கொள்ளளவோ அதனைப் போல் ஓர் இலட்சம் மடங்கு, அதாவது 500 கிகாபைற்று. ஆனால் கணினியைத் திறந்து பார்த்தால் 465 என்றே காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அப்பா நெடுநாள் நம்பியிருந்தார். உண்மையில் தயாரிப்பாளர் 1000 ஆல் பெருக்கிக் கணக்கிடுகின்றனர். விண்டோஸ் 1024 ஆல் வகுத்துக் காட்டுகின்றது. நம்மூர் உறுதிகளில் நெற்பரப்பு, வரகுப்பரப்பு என ஒரே பெயரில் இருவேறு அளவுகள் வருவதனை அறிந்தோர்க்கு இது புதுமையன்று.

தட்டைப் பிரித்தல் என்றதும் அதனுள் ஏதோ தடுப்புச் சுவர் எழுப்பப்படுவதாகவே பலரும் எண்ணுவர். அங்ஙனம் எதுவும் நிகழ்வதில்லை. தட்டின் தொடக்கத்திலே 512 பைற்று அளவுள்ள ஒரு சிறு பகுதி உண்டு. பழைய முறையில், அதனுள்ளும் 64 பைற்று மாத்திரமே பிரிவிடல் அட்டவணைக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. ஒரு பிரிவுக்குப் பதினாறு பைற்றாக நான்கு பிரிவுகளை மட்டுமே அதில் எழுதலாம்: எங்கே தொடங்குகின்றது, எவ்வளவு நீளம், எத்தகையது என்பனவே அதில் உள்ளவை. நான்கினும் மிகுதியாக வேண்டின், ஒன்றை விரிவாக்கப் பிரிவாக்கி அதனுள் உட்பிரிவுகள் வகுத்தல் வேண்டும். ஐந்நூறு கிகாபைற்று நிலம் முழுவதற்கும் உறுதி இவ்வறுபத்து நான்கு பைற்றே. அதில் ஒரு கீறல் விழுந்தால், நிலம் அப்படியே இருக்க, உரிமை மாத்திரம் மறைந்துவிடும்.

இக்குறையை உணர்ந்தோர் பின்னர் ஜி.பி.டி. என்னும் புதிய அட்டவணை முறையினை வகுத்தனர். அதில் வழமையாக 128 பிரிவுகளுக்கு இடமுண்டு. பழைய முறையின் எல்லையாகிய இரண்டு தெராபைற்றினைக் கடந்த தட்டுகளையும் அது ஆளவல்லது. எனினும் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. இம்முறையில் அட்டவணையின் மற்றொரு பிரதி தட்டின் மறுகோடியிலே வைக்கப்படுகின்றது. நொத்தாரிசு உறுதியின் பிரதியொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பி வைப்பதனை இது நினைவூட்டும். ஆயினும் இங்கு பதிவகமும் அதே வளவுக்குள்ளேயே இருக்கின்றது என்பதனை மறத்தலாகாது.

எமது தட்டு பழைய முறையிலேயே இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ‘சி’ என்னும் பிரிவில் பணிசெயல் முறைமை. ‘டி’ என்னும் பிரிவில் எங்கள் கோப்புகள். ஏ, பி என்னும் எழுத்துக்கள் முற்காலத்து நெகிழ்தட்டுகளுக்கு உரியனவாக இருந்தமையால், வன்தட்டின் கணக்கு சி இலிருந்து தொடங்குகின்றது; நெகிழ்தட்டு மறைந்த பின்னரும் அவ்வழக்கம் மறையவில்லை. இவ்வாறு இரண்டாகப் பிரிப்பதன் நன்மை வெளிப்படையானது. முறைமை பழுதுற்றால் சி ஐ மாத்திரம் துடைத்து மீளநிறுவலாம். டி இல் உள்ளவை தீண்டப்படா. இந்நன்மையை இரு தடவை நாம் அநுபவித்தோம். அதனாலே டி என்பது ஓர் இரும்புப் பெட்டகம் என்னும் மயக்கம் எனக்கு ஏற்பட்டது.

அப்பெட்டகத்தினுள் இருந்தவற்றுள் அம்மம்மாவின் குரலும் ஒன்று. 2020 ஆம் ஆண்டின் ஊரடங்கு மாதங்களில், வீட்டு விறாந்தையில் அமர்ந்து அவர் சொன்ன கதைகளையும் பாடிய பாடல்களையும் கைபேசியிற் பதிவுசெய்தேன். நாற்று நடுகைப் பாடல்கள், தாலாட்டு, அயலூர் மரணவீடுகளில் அவர் கேட்டுப் பழகிய ஒப்பாரி, 1964 ஆம் ஆண்டு மார்கழிப் புயலில் கூரை பறந்த கதை என இருபத்தேழு பதிவுகள். அவற்றைக் கணினியில் இட்டுவிட்டு, இடப்பற்றாக்குறையினாற் கைபேசியிலிருந்து நீக்கினேன். மறு ஆண்டு அம்மம்மா காலமானார்.

2022 ஆம் ஆண்டின் முற்பகுதியில் சி பிரிவு நிரம்பி, அதன் அளவுக்கோடு செந்நிறமாயிற்று. டி இல் இடம் எஞ்சியிருந்தது. அதிற் சிறிதைச் சி க்கு மாற்றிவிடலாம் எனக் கருதினேன். காணிப் பங்கீட்டின் சிக்கல் இங்கே அப்படியே வந்து வாய்த்தது. சி மேற்கு வளவு எனின் டி கிழக்கு வளவு. டி ஐச் சுருக்கினால் வெறுங்காணி கிடைப்பது அதன் கிழக்கு எல்லையிலேயே. நிலம் வேண்டியிருப்பதோ மேற்கு வளவுக்கு. இடையே வீடு நிற்கின்றது. விண்டோசில் உள்ள கருவி தன்னையடுத்து வலப்புறமாக உள்ள வெற்றிடத்தை மாத்திரமே ஒரு பிரிவோடு சேர்க்கவல்லது. ஆகவே டி என்னும் வீட்டை முழுவதாகக் கிழக்கே நகர்த்துதல் வேண்டும். அதற்கென உள்ள மென்பொருள்கள், ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்து அப்பால் அடுக்குவது போன்று, கோப்புகளின் ஒவ்வொரு துணுக்கையும் படியெடுத்து நகர்த்துகின்றன. அதற்குப் பல மணிநேரம் செல்லும்.

அது மின்வெட்டுக் காலம். அன்றைய நேர அட்டவணையைப் பார்த்து, ஐந்து மணிநேரம் மின்சாரம் இருக்கும் எனக் கணக்கிட்டே தொடங்கினேன். மூன்றாம் மணிநேரத்தில் மின்சாரம் நின்றது. தடையிலா மின்வழங்கி எம்மிடம் இருக்கவில்லை. தவறு மின்சாரத்தினுடையதன்று, பிரதியொன்று இல்லாமல் எல்லைக் கல்லில் கைவைத்த எனது தவறேயாகும். இரவு மின்சாரம் வந்தபின் கணினியைத் திறந்தபோது, ‘இத்தட்டைப் பயன்படுத்துமுன் வடிவமைத்தல் வேண்டும், வடிவமைக்கவா?’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்து நின்றது. உறுதி ஒன்றைச் சொல்ல நிலம் வேறொன்றாகக் கிடந்தது. அக்கேள்விக்கு ‘ஆம்’ என அழுத்தாமை ஒன்றே அன்று நான் செய்த நற்செயல்.

கணினித்துறையிற் பயின்ற மைத்துனர் ஒருவரிடம் தொலைபேசியிற் சொன்னபோது, “தட்டிலை இனி ஒண்டும் எழுதிப் போடாதை” என்பதே அவரது முதற் சொல்லாயிற்று. அதன் காரணத்தைப் பின்னரே விளங்கிக்கொண்டேன். ஒரு கோப்பை நாம் அழிக்கும்போது உண்மையில் அழிவது அதன் பதிவே; கோப்பின் உடல், அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை தட்டிலே கிடக்கும். அவர் தட்டைக் கழற்றி, அதன் முழு உருவையும் வேறொரு தட்டுக்குத் துணுக்குத் துணுக்காகப் படியெடுத்து, அப்படியின் மீதே வேலைசெய்தார். அட்டவணையைச் சீராக்கும் முயற்சி பயனளிக்கவில்லை. இறுதியில் போட்டோறெக் என்னும் இலவச மென்பொருளே கைகொடுத்தது. அது அட்டவணையையோ கோப்புப் பெயர்களையோ நாடுவதில்லை. ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் தொடக்கத்தில் அமையும் அடையாளத்தைத் தேடித் தட்டு முழுவதையும் துழாவுகின்றது.

அவ்வாறு மீண்டவை ஆயிரக்கணக்கான கோப்புகள். ஒன்றுக்கேனும் பெயரில்லை, வெறும் இலக்கங்களே. அம்மம்மாவின் குரல் எதனுள் இருக்கின்றது என்பதனை அறியும் வழி, ஒவ்வொன்றாகத் திறந்து கேட்பது ஒன்றே. திரைப்படப் பாடல்கள், வகுப்புப் பதிவுகள், கைபேசி மணியோசைகள் ஆகியவற்றினூடே பல இரவுகள் கேட்டிருந்தேன். நான்காம் இரவில், “அண்டைக்குக் காத்து வடக்காலை திரும்பினது பிள்ளை” என்று அவர் குரல் எழுந்தபோது, அடுக்களையில் நின்ற அம்மா கை ஈரத்துடனேயே வந்து அருகில் நின்றார். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

இருபத்தேழில் இருபத்துமூன்று முழுமையாகக் கிடைத்தன. இரண்டு கிடைக்கவேயில்லை. இரண்டு பாதியிலே நின்றன. அவற்றுள் ஒன்று ஒப்பாரி. இதற்கும் காரணம் உண்டு. தட்டு நிரம்பத் தொடங்கியபின் புதிய கோப்புக்குத் தொடர்ச்சியான இடம் கிடைப்பதில்லை. எனவே அது துண்டுகளாகி அங்குமிங்கும் உள்ள வெற்றிடங்களில் அமர்கின்றது. எத்துண்டு எங்குள்ளது என்பது கோப்பு முறைமைக்கே தெரியும். அதன் பதிவு கெட்டபின், அடையாளத்தைக் கொண்டு தேடுவோர் முதற் துண்டையே கண்டுகொள்வர். எஞ்சியவற்றைச் சேர்ப்பது அரிது. துண்டாக்கம் கணினியின் வேகத்தைக் குறைக்கும் என்று மாத்திரமே நான் படித்திருந்தேன். அது ஒரு பாட்டையும் பாதியில் நிறுத்தும் என்பதனை எந்நூலும் எனக்குச் சொல்லவில்லை.

இவ்வநுபவத்தினின்றும் நான் பெற்ற தெளிவு இதுவே: பிரித்தல் வேறு, காத்தல் வேறு. பிரிவிடல் ஒழுங்கைத் தருகின்றது. முறைமையை மீளநிறுவுங்கால் கோப்புகள் அழியாது பார்த்துக்கொள்கின்றது. ஆனால் தட்டு பழுதுற்றாலும், கணினி களவு போனாலும், உரியவனின் கையே பிழைசெய்தாலும் சி யும் டி யும் ஒருங்கே அழியும். ஒரு கூரையின் கீழ் இரண்டு அறைகள் இருப்பதனால் வீட்டுக்குத் தீப்பிடிக்காமல் இருப்பதில்லை.

பராமரிப்பு என்பது பெரும்பாலும் சிறிய, சலிப்பூட்டும் கடமைகளின் தொகுதியேயாகும். இப்பொழுது நான் ஒவ்வொரு பிரிவிலும் ஐந்திலொரு பங்கையாவது வெறுமையாக விட்டுவைக்கின்றேன். சுழலும் தட்டாயின் இடையிடையே துண்டுகளை ஒன்றுசேர்ப்பது நன்று. திண்மநிலைச் சேமிப்பகத்துக்கு அது வேண்டியதில்லை. அங்கு நகர்ந்து தேடும் தலைப்பகுதி இல்லை, வீணாக எழுதுவதனால் தேய்வே மிகும். அன்றியும், அத்தகைய சேமிப்பகம் அழித்த கோப்புகளின் இடத்தைத் தானே துடைத்துவிடுமாதலின், அவற்றை மீட்பது பெரும்பாலும் இயலாததாகும். தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ என்னும் முறையும் உண்டு. கெட்ட துணுக்குகளுக்குப் பதிலாக மாற்றிடம் ஒதுக்கப்பட்ட எண்ணிக்கை அதில் ஏறத்தொடங்குமாயின், அத்தட்டை நம்பியிருத்தலாகாது. இவை யாவற்றிலும் மேலானது படியெடுத்தல். மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்றேனும் வேற்றிடத்தில் என்பது இத்துறையினர் கூறும் விதி.

இவ்விதி நமக்குப் புதியதன்று. ஏடுகள் செல்லரிக்குமுன் அவற்றைப் புதிய ஓலையிற் படியெடுத்துவைத்தவர்களாலேயே நமது பழைய நூல்கள் எஞ்சின. ஏடு நிலைத்ததனால் நூல் நிலைக்கவில்லை. படியெடுக்கும் வழக்கம் நிலைத்தமையாலேயே நிலைத்தது. படியற்றவற்றின் கதி யாதென்பதனை 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது கண்ட சமூகம் நம்முடையது. அங்கு அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுள் அச்சிட்டவை பலவற்றை மீண்டும் தேடிக்கொள்ள முடிந்திருக்கலாம். கையெழுத்துப் பிரதிகளையும் ஏடுகளையும் எங்கே தேடுவது? 2005 ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தினர் நமது நூல்களையும் இதழ்களையும் மின்வருடிப் பேணிவருவது இவ்வுணர்வினாலேயே எனலாம். ஒரு சமூகம் செய்யும் அவ்வேலையை ஒரு குடும்பமும் தன்னளவிற் செய்தல் வேண்டும்.

அம்மம்மாவின் இருபத்தைந்து பதிவுகளும் இன்று பெயரும் ஆண்டும் இடப்பெற்று மூன்று இடங்களில் உள்ளன: வீட்டுக் கணினியில் ஒன்று, எனது விடுதி அறையில் உள்ள புறத்தட்டில் ஒன்று, சின்னம்மா வீட்டில் ஒன்று. பாதியில் நிற்கும் ஒப்பாரியையும் அவ்வாறே படியெடுத்து வைத்திருக்கின்றேன். எஞ்சிய அடிகளை அம்மாவுக்குத் தெரியுமா எனக் கேட்டேன். இரண்டு அடிகளைச் சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் நினைவில்லை. அவற்றையும் பதிவுசெய்து, தனிக் கோப்பாக அதனருகில் வைத்தேன்.