கம்பெனி விற்ற வீடு

வீடு வாங்கப் போனால் நம் ஊரில் என்ன செய்வோம்? ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து பத்திரத்தைப் புரட்டுவார்கள். பெண்கள் மெதுவாகக் கொல்லைப்புறம் போய் அந்த வீட்டு அம்மாளிடம் பேச்சுக் கொடுப்பார்கள். "கோடையில் கிணறு வற்றுமா? மழைக்குச் சமையலறை ஒழுகுமா?" அந்த இரண்டு நிமிஷப் பேச்சில் தெரிவது எந்தப் பத்திரத்திலும் இராது.

2019-ல் விடுமுறை எடுத்துக்கொண்டு நியூஜெர்ஸியில் இருக்கும் அக்காவிடம் போயிருந்தேன். அவளும் அத்தானும் பத்து வருஷ வாடகை வாசத்துக்கு முழுக்குப் போட எண்ணி, சொந்த வீடு தேடிக்கொண்டிருந்த சமயம். ஒரு வீடு பிடித்துவிட்டது. நாலு படுக்கை அறை, பின்னால் மேப்பிள் மரம். விலையும் கட்டுப்படியாகும் போலிருந்தது. ஒரே ஒரு விசித்திரம். வீட்டில் ஆளில்லை. விற்பவர் மனிதரே அல்ல, ஒரு கம்பெனி!

அத்தான் விளக்கினார். அமெரிக்காவில் சில பெரிய நிறுவனங்கள் தங்கள் உத்தியோகஸ்தரை வேறு ஊருக்கு மாற்றும்போது, வீட்டை விற்கும் கவலையையும் தாங்களே ஏற்றுக்கொள்கின்றன. இதற்கென்றே இடமாற்றக் கம்பெனிகள் இருக்கின்றன. பெரும்பாலும் இரண்டு மதிப்பீட்டாளர்கள் தனித்தனியே விலை போடுவார்கள். சராசரி பார்த்து, அந்தத் தொகைக்குக் கம்பெனி வாங்கிக்கொள்ளும். குடும்பம் மூட்டை கட்டிவிடும். பிறகு கம்பெனி அதை வெளியாருக்கு விற்கும். அதுவரை வரி, இன்ஷூரன்ஸ், புல் வெட்டும் கூலி எல்லாம் தண்டச் செலவுதானே?

"அதனால் சீக்கிரம் தள்ளிவிடப் பார்ப்பார்கள். நமக்கு யோகம்!" என்றார் அத்தான்.

அக்கா மட்டும், "அப்படியானால் நான் யாரிடம் கேட்பது?" என்றாள்.

நியாயமான கேள்வி. ஒப்பந்தத்தோடு கம்பெனி ஓர் இணைப்பு அனுப்பியிருந்தது. 'நாங்கள் இந்த வீட்டில் ஒரு நாளும் வசித்ததில்லை; உள்ளது உள்ளபடியே விற்கிறோம்' என்பதுதான் அதன் சாரம். கூடவே, முன்பு குடியிருந்தவர்கள் வீட்டைப் பற்றி எழுதிக் கொடுத்த விவரப் படிவம் முதலாக ஒரு கட்டுக் காகிதம். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து.

"எல்லாம் சம்பிரதாயம். போடு கையெழுத்தை" என்றார் அத்தான்.

பத்திரிகைக்காரியால் காகிதத்தைக் கண்டால் சும்மா இருக்க முடியுமா? இரவு உட்கார்ந்து படித்தேன். ஆம், இல்லை என்று வரிசையாகக் கட்டங்கள். ஒரு கட்டத்தின் ஓரத்தில் மட்டும் பொடி எழுத்தில் கையால் எழுதியிருந்தது: 'பெருமழைக்குப் பின் நிலவறையின் வடக்கு மூலையில் ஈரம் காணும். பம்பு பழையது.'

அக்காவை எழுப்பினேன். "இதோ, உன் கொல்லைப்புறத்து அம்மாள் பேசுகிறாள்!"

'உள்ளது உள்ளபடி' என்றால் சோதித்துப் பார்க்கக் கூடாது என்று அர்த்தமில்லை என்றார் வக்கீல். பரிசோதகர் வந்தார். ஈரம் உண்மைதான். ரேடானும் இருந்தது. மண்ணிலிருந்து கசிந்து வரும் வாயு அது, நிறமில்லை, மணமில்லை, நாளடைவில் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகலாம். லிட்டர் காற்றில் 4 பிக்கோக்யூரியை எட்டினால் சரிசெய்துகொள்ளச் சொல்கிறது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் இலாகா. இங்கே 6!

அத்தான் ஒரேயடியாகப் பின்வாங்கினார். "வேண்டாம், வேறு வீடு பார்க்கலாம்."

அக்கா அசையவில்லை. "குறை தெரிந்த வீட்டுக்கு வைத்தியம் உண்டு. தெரியாத வீட்டுக்குத்தான் பயப்பட வேண்டும். கேட்டுப் பாருங்கள்" என்றாள்.

கேட்டார்கள். கடிதம் எத்தனை மேஜை ஏறி இறங்கியதோ, இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. ரேடானை வெளியேற்றக் குழாயும் விசிறியும் கம்பெனி செலவில்; பம்பு நம் செலவில். அத்தான் முனகிக்கொண்டே சம்மதித்தார்.

பத்திரம் முடிந்த அன்று விற்றவர் பக்கத்தில் ஒருவரும் வரவில்லை. கையெழுத்துகள் மட்டும் வந்திருந்தன. வீட்டு அம்மாளுக்கென்று அக்கா எடுத்துப் போயிருந்த வெற்றிலை பாக்கும் குங்குமமும் பையிலேயே திரும்பின.

நான் சென்னை திரும்பியபின் ஒரு நாள் அக்காவிடமிருந்து போன். "நேற்று ராத்திரி பூராவும் கொட்டித் தீர்த்தது. காலையில் முதல் வேலையாக வடக்கு மூலையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடக்கிறது!"

சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "அந்த அம்மாள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாளோ! எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்."