அம்மா கூட்டிய மை

மை தீட்டாமல் நான் வகுப்பிற்குள் நுழைந்ததில்லை. சென்ற ஆண்டு பரீட்சைத் தாள்களைத் திருத்துகையில் இமைகள் தடித்துச் சிவந்து, எழுத்துக்களெல்லாம் நீரில் மிதந்தன. கடையில் வாங்கிய வாசனை மையின் மீது பழியைப் போட்டுவிட்டு, அம்மா கூட்டும் மைக்குத் திரும்பினேன். அகலில் விளக்கெண்ணெய்த் திரி எரித்து, சந்தனம் பூசிய பித்தளைத் தட்டில் கரி பிடித்துக் குழைத்த மை. அதைவிடத் தூயது வேறென்ன? ஆயினும் எரிச்சல் தணிந்தபாடில்லை.

கண் வைத்தியர் காரணத்தை விளக்கினார். இமையின் விளிம்பிலே நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. கண்ணீர் விரைவில் உலராமல் காப்பது அந்த எண்ணெய்தான். உள்விளிம்பில் தீட்டும் மை, கடையுடையதாயினும் வீட்டுடையதாயினும், அவற்றின் வாயை அடைத்துவிடும். சுர்மாவிலோ ஈயம் கலந்திருப்பதுண்டு. அதைத் தொடவே கூடாது என்றார்.

இப்பொழுது வாசனையற்ற மைப்பென்சில் ஒன்றை முழங்கையின் உட்புறத்தில் ஒரு வாரம் தடவிச் சோதித்த பின், இமைமயிருக்கு வெளியே மட்டும் மெல்லிய கோடாக இடுகிறேன். இரவில் கழுவாமல் உறங்குவதில்லை. எரிச்சல் போயிற்று.

அம்மாவிடம் சொல்வதுதான் கடினமாயிற்று. "பிறந்த பதினோராம் நாள் உன் கண்ணில் இட்ட மையடி இது!" என்றாள். குழந்தைகளின் கண்ணுக்கும் அது ஆகாதென்று டாக்டர்கள் கூறுவதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. சிமிழ் என் மேஜை மீதுதான் இருக்கிறது. நெற்றிப் பொட்டுக்கு அதிலிருந்தே எடுக்கிறேன்.